செமினி திடலில் வந்து நின்றவன்

தம்பி, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம், எதை முதலில் வாங்கவேண்டும் என்று கேட்டு நீ அனுப்பிய செய்தி இன்னும் பதில் இல்லாமல் என் கைப்பேசியில் கிடக்கிறது. நம் சண்டைக்கு முந்தைய செய்தி அது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலிருந்து உன் அக்கா வந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஏம்ப்பா, தம்பி உங்களப் பாக்கத்தானே பெர்த்லேர்ந்து சொல்லாம கொள்ளாம வந்தான்? செமினி திடல்ல உங்க முன்னால வந்து நின்னிருக்கான். நீங்க அவனைப் பார்த்துட்டு, கண்ண மூடிக்கிட்டு, 'உனக்கு இங்க ஒண்ணும் இல்ல, போ'ன்னு சொல்லிட்டு முதுகக் காட்டிட்டீங்களாமே. பெத்தவர் செய்யிற வேலையா இது?" என்று கேட்டாள். அழுதுகொண்டேதான் கேட்டாள். உன் கல்யாணத்தில் அப்பா ஸ்தானத்தில் உன் சித்தப்பாவை உட்காரவைக்க முடிவு செய்துவிட்டாய் என்பதையும் சொன்னாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நீ வந்ததே எனக்குத் தெரியாது. அவள் சொல்லி முடித்தபோது கையில் இருந்த காப்பிக் கோப்பையை மேசை என்று நினைத்துக் கட்டிலில் வைத்துக் கொட்டிவிட்டேன். உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. எடுக்கமாட்டாய். அந்த வீம்பு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா என்ன? அதனால்தான் எழுதுகிறேன். அந்த ராத்திரி நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று உனக்கு விளங்கவேண்டுமானால், நீ கேட்ட கருவிகளைப் பற்றி முதலில் சொல்லியாகவேண்டும். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னால் கிழவன் கதை விடுகிறான் என்றுதான் நினைப்பாய். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், நீயும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் படிப்பாய். எங்கள் வானப்படக் குழுவின் வாட்ஸ்அப்பிலும் இதைப் போடப்போகிறேன். அங்கே என் வயதுக்காரர்கள் சிலர் உண்டு. நான் மறைத்ததையே மறைத்துக்கொண்டு அவர்களில் யாராவது உட்கார்ந்திருக்கலாம்.

முதல் விஷயம், தொலைநோக்கியைக் கடைசியில் வாங்கு. ரயில்வே சிக்னல் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு நான் செய்த முட்டாள்தனம் உனக்கு நினைவிருக்கும். குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குப் படம் நன்றாக வரும் என்று நம்பி, கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்காத ஒன்றை வாங்கிவந்தேன். அன்றைக்குப் பார்த்து நம் பிரிக்பீல்ட்ஸ் ஃப்ளாட்டில் லிஃப்ட் ஓடவில்லை. "அப்பா, இது டெலஸ்கோப்பா, இல்ல தண்ணி டேங்க்கா?" என்று நீ படிக்குப் படி கேலி செய்துகொண்டே ஒரு பக்கம் தூக்கிவந்தாய். மொட்டை மாடியில் நிறுத்திவைத்து வியாழனைப் பார்த்தோம். கீழே ரயில் போனால் வியாழன் ஆடியது, நீ தும்மினால் ஆடியது. அந்தக் குழாய்க்குக் கடையில் கொடுத்த கால்கள் அப்படி. வானத்தைப் படம்பிடிப்பதற்கு மவுண்ட்தான் உயிர். தொலைநோக்கியைத் தாங்கிப் பிடித்து, நட்சத்திரங்கள் நகரும் வேகத்திலேயே அதையும் மெல்லத் திருப்பிக்கொண்டே போகிற பீடம் அது. நீ சேர்த்துவைத்திருக்கும் பணத்தில் பெரும்பங்கை அதற்குக் கொடு. அதன் மேல் இப்போது உன்னிடம் இருக்கிற கேமராவையும் லென்ஸையும் வைத்தே ஒரு வருஷம் ஓட்டலாம். பிறகு குட்டையான சின்னத் தொலைநோக்கி ஒன்று வாங்கிக்கொள். பெரிதுக்கு ஆசைப்படாதே.

மவுண்ட்டை வாங்கினால் மட்டும் போதாது. பூமி எந்த அச்சில் சுற்றுகிறதோ அந்த அச்சுக்கு நேராக அதை நிறுத்தவேண்டும். நான் வாங்கிய புத்தகங்கள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. "வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள்" என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். கோலாலம்பூரில் துருவ நட்சத்திரம் எங்கே இருக்கிறது? நாம் பூமத்தியரேகையை ஒட்டி இருப்பதால் அது அடிவானத்தோடு அடிவானமாகக் கிடக்கிறது. கட்டடத்துக்கும் மரத்துக்கும் தூசிக்கும் பின்னால். அதைத் தேடி வாரக்கணக்கில் கழுத்து வலிக்க உட்கார்ந்திருந்தேன். இன்றுவரை ஒருமுறைகூட அதை நான் பார்த்ததில்லை. மவுண்ட்டை அவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் அதன் எதிர் எடை முக்காலியின் காலில் போய் முட்டும். முக்காலிக்கும் மவுண்ட்டுக்கும் நடுவே ஒரு குட்டைத் தூண் வைத்து உயர்த்தித்தான் தப்பித்தேன். பிறகு ஏதாவது ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பிடித்து, அது மேலே நழுவுகிறதா, கீழே நழுவுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருகைத் திருப்பிச் சரிசெய்யப் பழகினேன். கண்ணால் காணாத ஒன்றுக்கு நேராகக் கருவியை நிறுத்துவது எனக்குப் பழகிப்போனது அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் துருவம் உயரத்தில் இருப்பதால் உனக்குப் பெர்த்தில் முக்காலி இடிக்காது. ஆனால் தென்துருவத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்ற நட்சத்திரமே கிடையாது, கணினிதான் உதவவேண்டும். மவுண்ட்டின் அமைப்பில் தென்கோளம் என்று மாற்ற மறந்துவிடாதே. மறந்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் ஓடி, நீ ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வாய்.

பிரிக்பீல்ட்ஸ் வானத்தில் நிலாவையும் கோள்களையும் விட்டால் வேறு ஒன்றும் எடுக்க முடியாது, அவ்வளவு வெளிச்சம். அதனால்தான் செமினி தாண்டி, ஆள் இல்லாமல் போன அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத் திடலுக்குப் போக ஆரம்பித்தேன். சுற்றிலும் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்கள். பள்ளிக்கூடம் இடிந்துவிட்டது, கோல் கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. ஓரத்தில் முனியாண்டி சாமி. என்னைக் கூட்டிக்கொண்டு போகிற முத்துவை உனக்குத் தெரியும், பண்டமாரானில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் முதலில் முனியாண்டிக்கு ஒரு சுருட்டைப் பற்றவைத்துவிட்டுத்தான் என்னை முக்காலியை இறக்கவிடுவார். செம்பனைக்குள் ஏதாவது சலசலத்தால் அந்தப் பக்கம் பார்த்து, "உனக்கு இங்க ஒண்ணும் இல்ல, போ" என்று சாதாரணமாகச் சொல்லுவார். ராத்திரியில் லோரி ஓட்டுகிறவர்கள் ரோட்டில் எதையாவது கண்டால் அப்படித்தான் சொல்வார்களாம். "திட்டக்கூடாதுண்ணே. பயப்படவும் கூடாது. மரியாதையா சொன்னா போயிடும்லா" என்பார். அந்த வார்த்தையை அவரிடமிருந்துதான் நான் பிடித்துக்கொண்டேன்.

திடலுக்குப் போகிற ஒழுங்கை உனக்கு முன்பே சொல்லித் தந்திருக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். இருட்டுமுன் போய் எல்லாவற்றையும் பூட்டிவிடவேண்டும். நம் ஊரில் பனி சீக்கிரம் இறங்கி லென்ஸ் வியர்த்துவிடும், அதனால் அதன் கழுத்தில் சூடேற்றும் பட்டை கட்டவேண்டும். வீட்டில் லென்ஸைச் சும்மா அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், ஈரம் உறிஞ்சும் டிரை பாக்ஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதே. சிவப்பு விளக்கைத் தவிர வேறு விளக்கு கூடாது. யாராவது படம் எடுத்துக்கொண்டிருந்தால் காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கைவிளக்கும் போடாமல், சத்தமில்லாமல் நடந்துதான் போகவேண்டும். ஒரு கார் வெளிச்சம் பட்டால் ஒருவனுடைய மொத்த ராத்திரியும் பாழ். நீ அதை அப்படியே காப்பாற்றினாய் என்று உன் அக்கா சொன்னாள்.

படம் எடுப்பது என்றால் ஒரு படம் எடுப்பது அல்ல. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். அடுக்கும்போது கணினி ஒவ்வொரு புள்ளியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லாப் படத்திலும் இருப்பது நட்சத்திரம். ஒரே ஒரு படத்தில் மட்டும் இருப்பது விமானமோ பூச்சியோ, அதைத் தூக்கி எறிந்துவிடும். அதோடு டார்க் என்று ஒன்று உண்டு. லென்ஸின் மூடியைப் போட்டுவிட்டு, அதே சூட்டில், அதே அளவு நேரத்துக்குப் படம் எடுப்பது. ஒன்றுமே தெரியக்கூடாது அல்லவா? ஆனால் திரையில் போட்டுப் பெரிதாக்கிப் பார், சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். வெளியே ஒன்றும் இல்லாதபோதும் கேமரா தானாகவே பார்க்கிற புள்ளிகள் அவை. அந்த இருட்டுப் படத்தை உன் நிஜப் படத்திலிருந்து கழித்துவிட்டால் மிஞ்சுவது வானம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். எது வெளியே இருக்கிறது, எது நமக்குள்ளே இருக்கிறது என்று பிரித்துவிடலாம் என்ற தைரியத்தை அது எனக்குக் கொடுத்தது.

இனி நான் உங்கள் இருவருக்கும் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். என் கண் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. குருடாகவில்லை, பயப்படாதே. ஓரங்கள் தெரியும், நடு மட்டும் தெரியாது. எதிரில் வருபவரின் சட்டை தெரியும், செருப்பு தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கும். குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்கிறேன். கணினியில் எழுத்தைப் பெரிதாக்கி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்துவிடுவேன். மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன். முதலில் அவ்வளவுதான். பிறகு ஒருநாள் சாயங்காலம் கதவைத் திறந்தபோது, செருப்பு வைக்கும் இடத்தில், சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் நின்றாள். பின்னந்தலை முழுக்கப் பூ. ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிந்தது. என் கண்ணுக்கு இந்த வயதில் எதுவும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. "யாரும்மா, எந்த வீடு?" என்று கேட்டேன். திரும்பவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்து பார்த்தால் செருப்புகள் மட்டும் இருந்தன.

அதன் பிறகு அடிக்கடி வந்தார்கள். நீளத் தொப்பி வைத்த ஆட்கள் வரிசையாகப் பால்கனியில் நிற்பார்கள். சோபாவில் யாரோ ஒரு கிழவர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே இருப்பார், மாட்டி முடிக்கவே மாட்டார். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள், ஒருவரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. பத்துமலைக்குப் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டு வரலாம் என்று போனேன். எனக்கு முன்னால் படியேறியவர்களில் யார் நிஜம், யார் இல்லை என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டேன். உன் அம்மா ஒருமுறையாவது வருவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் போய்ச் சேர்ந்தபிறகு நான் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. ராத்திரி சமையலறை விளக்கைப் போட்டுவைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. பூவைத்த பெண்தான் வந்தாள்.

ரோட்டுத் தடுப்பில் காரை மோதினேனே, அன்றைக்கு நாய் குறுக்கே வந்தது என்று சொன்னது பொய். கைகோத்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக ரோட்டைக் கடந்தார்கள். நான் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். இறங்கிப் பார்த்தால் ரோடு காலி. நீ அன்றைக்கு ராத்திரியே பெர்த்திலிருந்து கூப்பிட்டு, "அப்பா, இனிமே கார் எடுக்காதீங்க. அந்த டெலஸ்கோப் எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துருங்க" என்றாய். நீ சொன்னது சரி. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "எனக்கு மகனா இரு, டாக்டரா இருக்காத. உன் சோத்துக்கு நான் வந்து நிக்கல" என்று கத்திவிட்டு வைத்தேன். மறுநாளே கார் சாவியை முத்துவிடம் கொடுத்துவிட்டேன். அதை உனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் காரணம் கேட்பாய். காரணம் சொன்னால் அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒரு ஆளும், பேய் பிடித்துவிட்டது என்று ஒரு ஆளும் வருவார்கள். பண்டமாரானில் இருக்கிற உன் அத்தை எலுமிச்சம்பழத்தோடு முதல் ஆளாக வந்து நிற்பாள்.

அதன் பிறகுதான் கண் டாக்டரிடம் போனேன். நம் தமிழ்ப் பிள்ளைதான், சின்ன வயது. கண்ணைப் பார்த்து முடித்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாமலே கேட்டாள். "அங்கிள், இல்லாத ஆளுங்க யாராச்சும் கண்ணுக்குத் தெரியறாங்களா? வெட்கப்படாம சொல்லுங்க." நான் அழுதுவிட்டேன், தம்பி. "பைத்தியமும் இல்ல, பேயும் இல்ல அங்கிள். கண்ணு பாக்காத இடத்த மூளையே எதையாவது போட்டு நெரப்பிக்குது. கண் போறவங்க பல பேருக்கு வரும், பயந்துகிட்டு யாரும் சொல்றதில்ல. அவங்க பேச மாட்டாங்க. வந்தாங்கன்னா கண்ண ரெண்டு பக்கமும் நல்லா ஆட்டுங்க, மூடித் தொறங்க, எழுந்து திரும்பிக்குங்க. போயிடுவாங்க" என்றாள். எனக்கு உயிர் வந்தது. கேமராவுக்குப் புள்ளிகள் இருப்பதுபோல எனக்கு இவர்கள், அவ்வளவுதானே என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்தேன். எனக்கே ஒரு டார்க் எடுத்துப் பார்க்கலாம் என்று. கொஞ்ச நேரத்தில் அந்தக் கும்மிருட்டில் பூவைத்த பெண் வந்தாள். விளக்கே இல்லாமல் பூக்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. கண்ணை ஆட்டினேன், மூடித் திறந்தேன், "உனக்கு இங்க ஒண்ணும் இல்ல, போ" என்று முத்து சொல்வதுபோலவே சொல்லித் திரும்பிக்கொண்டேன். போய்விட்டாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் அதையே செய்தேன். முறை தவறியதில்லை.

நீ வந்தது மழை விட்டுத் துடைத்த மாதிரி இருந்த ராத்திரி. தெற்கு வானத்தில் தாழ்வாக இருக்கும் ஒரு ஒளிமேகத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். சாலைச் சந்திப்பில் இருக்கிற மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு முத்து சாப்பாடு வாங்கப் போயிருந்தார். திடலில் நான் தனியாக, மடிக்கணினிக்கு முன்னால். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு நேரத்தில் சட்டென்று நின்றன. நிமிர்ந்தேன். முக்காலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நின்றான். என் தலையில் மாட்டியிருந்த சிவப்பு விளக்கு இடுப்பு வரைக்கும்தான் எட்டியது. கால்சட்டை தெரிந்தது, கை தெரிந்தது, விரல்கள் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. முகத்தைப் பார்த்தேன். முகம் இல்லை. கார் சத்தம் கேட்கவில்லை, வெளிச்சம் வரவில்லை, நடந்து வந்த சத்தமும் இல்லை. நின்றவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் என் முறையைச் செய்தேன். கண்ணை இடதும் வலதும் ஆட்டினேன். மூடினேன். சொல்லவேண்டியதைச் சொன்னேன். எழுந்து திரும்பி நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. டாக்டர் பிள்ளை சொன்னது எவ்வளவு சரி என்று நான் சந்தோஷப்பட்டேன், தம்பி. சந்தோஷப்பட்டுக்கொண்டே உட்கார்ந்து பாட்டில் மூடியைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

முத்து வந்து இறங்கியதும், "யாருண்ணே அது, ரோட்டோரம் கார நிறுத்தி உள்ளேயே உக்காந்திருந்தாரு. நான் கிட்டப் போனதும் எடுத்துட்டுப் போயிட்டாரே?" என்று கேட்டார். "தோட்டத்து ஆளா இருக்கும்" என்றேன். மறுநாள் படங்களைப் பிரிக்கும்போது சிலவற்றில் மட்டும் நட்சத்திரங்கள் இரட்டை இரட்டையாக இழுத்திருந்தன. முக்காலிக்குப் பக்கத்தில் யாராவது நடந்தால் மண் அதிர்ந்து அப்படித்தான் ஆகும். முத்துதான் நடந்திருப்பார் என்று அவரை மனத்துக்குள் திட்டிவிட்டு அந்தப் படங்களை அழித்துவிட்டேன். இல்லாதவன் நடந்தால் மண் அதிராது என்பது எனக்குத் தோன்றவில்லை. சிக்னல் வேலையில் அத்தனை வருஷம் இருந்தவனுக்கு அந்தச் சின்னப் புத்தி வேலை செய்யவில்லை. ஒரே ஒருமுறை வந்து போவது நிஜமில்லை என்று பழகிப்போன மண்டை இது. நீ ஒரே ஒருமுறைதான் வந்தாய்.

ஏன்டா ஒரு வார்த்தை பேசவில்லை என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. நம் வீட்டில் சண்டைக்குப் பிறகு மன்னிப்புக் கேட்பது என்றால் எதிரில் போய்ச் சும்மா நிற்பதுதானே? நான் என் அப்பாவிடம் அப்படித்தான் போய் நின்றேன். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மின்சாரம் அளக்கும் என் மல்டிமீட்டரை உடைத்துவிட்டு, வேலை முடிந்து நான் வரும்வரை வாசலிலேயே நின்றாய். மற்றவர் வாய் திறக்கட்டும் என்று இரண்டு பேரும் நிற்போம். உன் அம்மா வந்து இரண்டு பேரையும் திட்டி முடித்துவைப்பாள். இப்போது திட்ட ஆள் இல்லை. நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் இந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதே. கோபமாக இருந்தால் கோபம் என்று சொல், தப்பு என்றால் தப்பு என்று சொல், வாய் திறந்து சொல். இன்னொன்று, இந்தக் கண் கோளாறு குடும்பத்தில் வரக்கூடியது என்று டாக்டர் சொன்னாள். வருஷத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டு. உனக்கு வயதான காலத்தில் சுவரோரம் யாராவது வந்து நின்றால், அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு. என்னைப்போல் மறைத்து வைத்துக்கொண்டு தானே வைத்தியம் பார்க்காதே.

கருவிகளை எல்லாம் உனக்கே அனுப்பச் சொல்லி முத்துவிடம் சொல்லிவிட்டேன். அந்தத் தண்ணி டேங்கைத் தவிர, அதை எவனும் ஏற்றிக்கொள்ளமாட்டேன் என்கிறான். நீ வாங்கவேண்டியது இனி கொஞ்சம்தான். கல்யாணத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை நீயே முடிவு செய். சித்தப்பாவே உட்காரட்டும் என்றால் சரி, நான் வாக்குவாதம் செய்யமாட்டேன். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கொடு. மண்டபத்தில் என் முன்னால் எத்தனையோ பேர் வந்து நிற்பார்கள், எனக்கு முகம் தெரியாது, அவர்களில் சிலர் வந்திருக்கவே மாட்டார்கள். நீ மட்டும் நிற்காதே. அப்பா என்று கூப்பிடு. இல்லாவிட்டால் என் கையைப் பிடி. உன் கோபம் தீரவில்லை என்றால் திட்டு, பரவாயில்லை, குரல் கேட்டால் போதும்.

உன் அக்கா வந்து போனதிலிருந்து ஒரு காரியம் என்னால் முடியவில்லை. யாரையும் போ என்று சொல்ல வரவில்லை. வந்தவர்கள் வந்தபடி நிற்கிறார்கள், வீடு நிறைந்து கிடக்கிறது. ராத்திரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் வழிவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போகிறேன். இவர்கள் எல்லாம் என் மூளை போட்ட ஆட்கள்தான், தெரியும். இருந்தாலும் இவர்களில் ஒருவனாகத்தானே உன்னையும் எண்ணினேன்? இதை எழுதும்போதுகூட வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒருவன் நிற்கிறான். கால்சட்டை தெரிகிறது, கை தெரிகிறது. முகம் தெரியவில்லை. "தம்பியா?" என்று கேட்டேன். இன்னொருமுறை கேட்கிறேன்.